கால்வேயில் ஒரு கன்னிமாரா

அயர்லாந்தின் கால்வேக்கு வேலைக்கு வந்து மூன்று வாரமே ஆன தம்பி ஒருவர் கேட்கிறார்: "பஸ்ஸில் போகும்போது கன்னிமாரா என்று ஒரு பலகை பார்த்தேன். எழும்பூர் நூலகம் ஞாபகம் வந்தது. இரண்டும் ஒன்றா? இந்த அயர்லாந்துக்காரர்களையே இங்கிலாந்துதான் ஆண்டது என்கிறார்கள், அப்புறம் எப்படி இவர்கள் ஆள் நமக்குக் கவர்னரானார்?"

ஒன்றேதான் தம்பி. 1886 முதல் 1890 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த ராபர்ட் பர்க், இங்கே மீத் மாவட்டத்தில் பிறந்தவர். 1887-ல் பிரபு பட்டம் கிடைத்தபோது, உங்கள் ஊருக்கு மேற்கே கல்லும் சதுப்புமாகக் கிடக்கிறதே, அந்தச் சீமையின் பெயரைப் பட்டமாக வைத்துக்கொண்டார். நூலகத்துக்கு 1890-ல் அடிக்கல் நாட்டியவரும் அவரே. அண்ணன் மேயோ பிரபு, இந்திய வைஸ்ராயாக இருந்தபோது 1872-ல் அந்தமானில் குத்திக் கொல்லப்பட்டவர்.

வந்த புதிதில் நானும் உடன் வேலை செய்த கால்வேக்காரர் ஒருவரிடம், "உங்கள் ஆட்கள்தான் எங்களை ஆண்டார்கள்" என்று கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "அவர்கள் எங்களையும்தான் ஆண்டார்கள்" என்றார். விஷயம் அதுதான். பதவிக்குப் போனவர்கள் பெரும்பாலும் நிலம் வைத்திருந்த புராட்டஸ்டன்ட் குடும்பத்தார். ஊரில் பெரும்பான்மையான கத்தோலிக்கர்கள் 1829 வரை பாராளுமன்றத்தில் உட்காரவே முடியாது. டப்ளின் கோட்டையிலிருந்து அரசர் பெயரில் ஆண்ட வைஸ்ராய் பதவி அவர்களுக்கு அதற்குப் பிறகும் தொண்ணூறு வருடம் எட்டவில்லை. 1921-ல் ஒருவழியாக ஒரு கத்தோலிக்கரைப் போட்டார்கள்: பிட்ஸ்ஆலன். அவரும் ஆங்கிலேயர், அவரோடு பதவியே முடிந்தது. திப்புவோடு சண்டை போட்ட கார்ன்வாலிஸ்கூட 1798-ல் இங்கே வைஸ்ராயாக வந்தவர்தான்.

எனக்குப் பிடித்த கதை அதற்கு அப்புறம் வருகிறது. 1922-ல் சுதந்திர அரசு வந்தும், அரசரின் பிரதிநிதியாக ஒரு கவர்னர் ஜெனரல் மிச்சமிருந்தார். 1932-ல் ஆட்சிக்கு வந்த விடுதலைப் போராட்டத் தலைவர் டி வலேரா, அந்த நாற்காலியில் டப்ளினுக்குப் பக்கத்து மேனூத் ஊர்க் கடைக்காரர் ஒருவரை உட்காரவைத்தார். டோனல் பக்லி என்ற அவர், ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து நடந்த 1916 எழுச்சிக்கு ஊரிலிருந்து டப்ளின்வரை நடந்தே போனவர். கவர்னர் ஜெனரலுக்கென்று டப்ளினில் இருந்த பீனிக்ஸ் பார்க் மாளிகைக்குக் குடிபோகாமல் வாடகை வீட்டில் இருந்தார். பதவியின் பகட்டைக் கழற்ற இதைவிட மலிவான வழி இல்லை! 1936-ல் பதவியையே எடுத்துவிட்டார்கள். அந்த மாளிகையில்தான் இப்போது ஜனாதிபதி இருக்கிறார்.

சரி, கால்வேயில் பேச்சுக் கொடுக்க இன்னொரு விஷயம் சொல்கிறேன். 1760 வந்தவாசிச் சண்டையில் ஆங்கிலேயப் படைக்குத் தலைமை தாங்கிய அயர் கூட் லிமெரிக்காரர். எதிரே பிரெஞ்சுப் படையை நடத்திய லாலியின் அப்பா, கால்வே மாவட்டத்து டூவம் பக்கத்துக்காரர். டூவம் ஆள் யாராவது அகப்பட்டால் சொல்லிப் பாருங்கள், அன்றைக்குத் தேநீர் அவர் செலவு.