இறகுத் தொப்பிக்காரர்கள்: இத்தாலியின் ஆல்பினி மலைப்படை பற்றிய கேள்வி பதில்

ஆல்ப்ஸ் எல்லையைக் காத்த இத்தாலிய மலைப்படை பற்றி வாசகர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கோவை வாசகர்: சார், இருக்கிற காலாட்படையையே மலைக்கு அனுப்பியிருக்கலாமே? தனிப்படை எதற்கு?

1866இல் வெனிஸ் பகுதியும் சேர்ந்ததும், இத்தாலியின் வடக்கு எல்லை கிட்டத்தட்ட முழுக்கவே மலையாகிவிட்டது. மேற்கே பிரான்ஸ், வடக்கிலும் கிழக்கிலும் ஆஸ்திரியா. ஆனால் அன்றைய ராணுவத் திட்டம், எதிரியைக் கீழே, வட இத்தாலியின் ‘போ’ என்ற ஆற்றின் சமவெளியில் எதிர்கொள்வதுதான். அப்படியானால் மலை கிராமங்களை முதல் நாளே கைவிட வேண்டியதுதான்.

1872இல் கேப்டன் ஜியூசெப்பே பெருக்கெட்டி ஒரு ராணுவ இதழில் வேறு வழி சொன்னார். அந்தந்தப் பள்ளத்தாக்கு இளைஞர்களையே சேர்த்து, அவர்கள் ஊர்க் கணவாயிலேயே காவலுக்கு நிறுத்துங்கள் என்றார். எந்தப் பாதை எந்த மாதத்தில் மூடும், எந்தச் சரிவில் பனி இடியும் என்பதெல்லாம் ஆடு மேய்த்தவனுக்கும் மரம் வெட்டியவனுக்கும் தெரியும். சமவெளிக்காரனுக்கு அதைக் கற்றுக்கொடுக்கப் பல வருடம் ஆகும். போர் அமைச்சர் ரிக்கோத்திக்கு யோசனை பிடித்துவிட்டது. ராணுவ மாவட்டங்களைத் திருத்தும் ஆணை ஒன்றுக்குள்ளேயே இதையும் சேர்த்துவிட்டார். 1872 அக்டோபர் 15 அன்று அரசர் கையெழுத்திட்டார். தொடக்கத்தில் 15 கம்பெனிகள்தான்.

திருச்சி வாசகி: தொப்பியில் இறகு எதற்கு?

அதுதான் அவர்களுடைய அடையாளம். இடப்பக்கம் செருகியிருக்கும். சிப்பாய்க்கு அண்டங்காக்கையின் கருப்பு இறகு, இளநிலை அதிகாரிக்குக் கழுகின் பழுப்பு இறகு, மேஜர் முதல் மேலே உள்ளவர்களுக்கு வாத்தின் வெள்ளை இறகு. தூரத்தில் இருந்தே பதவி தெரிந்துவிடும்.

மதுரை மாணவர்: முதல் சண்டை ஆல்ப்ஸில்தானே நடந்திருக்கும், அண்ணா?

இல்லை தம்பி, ஆப்பிரிக்காவில். 1896 மார்ச் 1, எத்தியோப்பியாவின் அத்வா. அடுத்தவர் நாட்டைப் பிடிக்கப் போன இத்தாலியை எத்தியோப்பியப் பேரரசர் மெனலிக்கின் படை முறியடித்தது. அங்கே அனுப்பப்பட்ட ஆல்பினி பட்டாலியனின் தளபதி மெனினியும் இறந்தார். சொந்த மலையைக் காக்கச் சேர்த்தவர்களை அங்கே அனுப்பியதே தவறு என்பது என் கருத்து.

சேலம் வாசகர்: பக்கத்து நாடுகள் சும்மா இருந்தனவா?

இல்லை. பிரான்ஸ் 1888இல் சட்டம் போட்டுத் தன் மலைப்படையை உருவாக்கியது. ஆஸ்திரியா 1906இல் டைரோல் பகுதியின் லாண்டெஸ்ஷுட்சன் படையை மலைப்போருக்குத் திருப்பியது. ஆனால் 1915 மே மாதம் இத்தாலி முதல் உலகப்போரில் இறங்கியபோது டைரோலின் முறையான படைகள் ரஷ்ய முனையில் இருந்தன. எல்லையில் முதலில் நின்றவர்களில் பலர் உள்ளூர்த் துப்பாக்கிச் சங்கங்களின் கிழவர்களும் பையன்களும்தான்.

சென்னை வாசகர்: மூவாயிரம் மீட்டருக்கு மேல் எப்படிச் சண்டை போட்டார்கள்?

சண்டை போட்டதைவிடச் சுமந்ததும் தோண்டியதும்தான் அதிகம். அடமெல்லோ மலையில் 1916இல் 149 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றைக் கழற்றி, சறுக்குவண்டிகளில் ஏற்றி, கயிறு கட்டிப் பனியில் இழுத்தார்கள். எதிரி கண்ணில் படாமலிருக்கப் பெரும்பாலும் இரவில்தான் வேலை. மறு வருடம் அதை இன்னும் மேலே, 3,276 மீட்டர் உயரமுள்ள கிரெஸ்டா குரோச்சே முகட்டுக்கே கொண்டுபோனார்கள். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது.

எதிர்ப்பக்கம் ஆஸ்திரியர்கள் மர்மோலாடா மலையின் பனியாற்றுக்குள் சுரங்கம் குடைந்து ஒரு குடியிருப்பே அமைத்தார்கள். குண்டுக்குப் பயந்து உள்ளே போனால், அங்கே பனியைப் பார்த்துப் பயப்பட வேண்டியிருந்தது. கிரான் போஸ் சிகரத்தின் அடியில் இருந்த முகாமை மாற்றிவிடுங்கள் என்று அங்கிருந்த கேப்டன் ஷ்மிட் கேட்டார். மேலிடம் மறுத்துவிட்டது. 1916 டிசம்பர் 13 விடியற்காலை பனி சரிந்து சுமார் 270 ஆஸ்திரிய வீரர்களை மூடியது. எதிரியின் தோட்டா ஒன்றுகூட அதற்குத் தேவைப்படவில்லை.

நாகர்கோவில் வாசகர்: உள்ளூர் ஆட்களைச் சேர்ப்பது நல்ல யோசனைதானே? நம் ராணுவத்தின் லடாக் ஸ்கவுட்ஸ் படையும் அப்படித்தானே?

ஆமாம், அடிப்படை யோசனை ஒன்றுதான். மலையில் அதற்கு மாற்றே இல்லை. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. ஒரே பட்டாலியனில் அண்ணன், தம்பி, மச்சான், பக்கத்து வீட்டுக்காரன் எல்லோரும் இருந்தார்கள். அந்த ஒற்றுமைதான் அவர்கள் பலம். அதே பட்டாலியன் அழிந்தால் ஒரே வாரத்தில் ஊர் முழுக்க இழவு விழும். 1917 ஜூனில் ஓர்டிகாரா மலையில் அப்படித்தான் நடந்தது. 19ஆம் தேதி ஆல்பினிகள் பிடித்த 2,105 மீட்டர் சிகரத்தை 25ஆம் தேதி ஆஸ்திரியர்கள் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கில் செத்தது அந்தச் சில நாள் உடைமைக்காகத்தான்.

இதைவிடக் கொடுமை இரண்டாம் உலகப்போரில், 1942இல். மூன்று ஆல்பினி டிவிஷன்களை காகசஸ் மலைக்கு என்று சொல்லி ரஷ்யாவுக்கு அனுப்பினார்கள். நின்றதோ டான் நதிக்கரைச் சமவெளியில். மலைக்கான கயிறும் கோவேறு கழுதையும் டாங்கிக்கு முன்னால் என்ன செய்யும்? 1943 ஜனவரி 26 அன்று நிக்கோலாயெவ்கா கிராமத்தில் சோவியத் முற்றுகையை உடைத்து ஒரு பகுதியினர் வெளியே வந்தார்கள். அந்த மூன்றில் ஒன்றான, குனேயோ பகுதிப் பையன்களின் குனேயன்சே டிவிஷன் ஏறக்குறைய முழுதாகவே அழிந்தது. குனேயோ பள்ளத்தாக்குகளில் பல வீடுகளுக்குப் பிள்ளை திரும்பவே இல்லை. முசோலினி அரசின் முடிவுக்கு அந்த மலைக்குடும்பங்கள் விலை கொடுத்ததை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஈரோடு வாசகி: அந்தக் கோவேறு கழுதைகள் இப்போதும் உண்டா?

படையில் இல்லை. பீரங்கிப் பாகம், ரொட்டி, காயம்பட்டவர் என்று எல்லாவற்றையும் சுமந்தவை அவை. 1993இல் கடைசிக் கழுதைகளை பெல்லூனோவில் ஏலம் விட்டார்கள்.

தஞ்சாவூர் வாசகர்: இப்போது ஆல்பினிகளுக்கு என்ன வேலை?

2005இல் கட்டாய ராணுவ சேவை நிறுத்தப்பட்டது. அப்புறம் விரும்பிச் சேர்பவர்கள் மட்டும்தான். தவுரினென்சே, ஜூலியா என்று இரண்டு பிரிகேடுகள் இருக்கின்றன, பெண்களும் சேரலாம். ஓய்வு பெற்றவர்களுக்கு 1919இல் மிலானில் தொடங்கிய சங்கம் இருக்கிறது. 1976இல் வடகிழக்கு இத்தாலியின் ஃப்ரியூலி பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது அந்தச் சங்கத்தினர்தான் மண்வெட்டியோடு போய் இடிந்த வீடுகளைத் திரும்பக் கட்ட உதவினார்கள்.