பாரம் கூடினால் மேடு உயருமா?

கேள்வி: ரோலர் கோஸ்டரில் முதல் மேட்டைவிட அடுத்த மேடுகள் பதிவாகவே இருக்கின்றன. ஆட்களை நிறைய ஏற்றினால் பாரத்தில் வேகம் கூடும்தானே? அப்போது அடுத்த மேட்டை இன்னும் உயரமாகக் கட்டலாமே? உயர்தரம் படிக்கும் மகள் சூத்திரத்தை எழுதிக் காட்டினாள். விளக்கம் வரவில்லை.
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: கட்ட முடியாது, ஐயா. காரணம் மகள் எழுதிய சூத்திரத்திலேயே இருக்கிறது. உச்சியில் உள்ள அழுத்த சக்தியிலும் (உயரத்தால் வரும் சக்தி) திணிவு, அதாவது நீங்கள் சொல்லும் பாரம், உண்டு, அடியில் உள்ள இயக்கசக்தியிலும் உண்டு. இரண்டு பக்கமும் திணிவு வெட்டுப்பட்டால், வேகத்தைத் தீர்மானிக்க மிஞ்சுவது உயரமும் ஈர்ப்பும்தான். உராய்வை விட்டுவிட்டால், 50 மீற்றர் இறங்கும் வண்டி அடியில் மணிக்கு ஏறத்தாழ 113 கிலோமீற்றர் வேகத்தில் போகும். அதில் இரண்டு பேர் இருந்தாலும் இருபது பேர் இருந்தாலும் அதேதான். திணிவை வெட்டிப் புள்ளி வாங்கும் பிள்ளையிடம், வெட்டியதற்கு என்ன அர்த்தம் என்று வகுப்பில் கேட்க வேண்டாமா? எனக்குக் கோபம் அதில்தான்.

உங்கள் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்பதும் புரிகிறது. கோணேசர் கோயிலிலிருந்து கோட்டை வாசலுக்கு இறங்கும் வீதியில் சைக்கிளை மிதிக்காமல் விட்டால், பின்னால் ஒருவர் இருக்கும்போது சற்று வேகமாகத்தான் உருளும். (பிரேக்கில் கை இருக்கட்டும், மான்கள் குறுக்கே வரும்.) பாரம் கூடிய அளவுக்குக் காற்றின் தடை கூடுவதில்லை. அதனால் வேக இழப்பு குறைகிறது, அவ்வளவுதான். புதிதாகச் சக்தி எதுவும் வந்து சேரவில்லை. புறப்பட்ட உயரத்தைத் தாண்டி ஏறவும் முடியாது.

இந்த இழப்பைக் கணக்குப் பார்ப்பதுதான் வடிவமைப்பாளரின் கஷ்டமான வேலை. ஆள் குறைந்த வண்டி எதிர்காற்றிலும் மேட்டைக் கடக்க வேண்டும். நிறைந்த வண்டி பள்ளத்தில் பயணிகளை அளவுக்கு மீறி அழுத்தவும் கூடாது. அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் 2005இல் திறந்த கிங்டா கா என்ற ரோலர் கோஸ்டரின் உயரம் 139 மீற்றராக இருந்தது. மேட்டிலிருந்து உருட்டாமல், வண்டியைக் கீழிருந்தே மணிக்கு 206 கிலோமீற்றர் வேகத்தில் ஏவினார்கள். இழப்பே இல்லையென்றால் அந்த வேகத்துக்கு 167 மீற்றர் ஏறலாம். அப்படியிருந்தும் சில வேளைகளில் அது உச்சியைக் கடக்காமல் வந்த வழியே திரும்பியிருக்கிறது. அதற்கென்றே ஏவுபாதையில் பிரேக்குகளும் வைத்திருந்தார்கள்.

அப்புறம், முதல் மேடுதான் எப்போதும் உயரம் என்றும் நினைக்க வேண்டாம். நடுவழியில் மோட்டார் மறுபடி தள்ளும் வகைகளில் பின்னால் வரும் மேடு உயரமாக இருக்கலாம். அங்கும் நீங்கள் ஆட்களை நிறைய ஏற்றினால் அந்த மோட்டாருக்குத்தான் வேலை கூடும்.