ஆஸ்பத்திரி நஷ்டத்தில் ஓடினால் நர்ஸ் சம்பளத்தைப் பாதியாக்கலாமா?

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 2015 நவம்பரில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தேன். சம்பளம் 16,000 ரூபாய். லாக்டவுன் வந்ததும் ஏப்ரலிலிருந்து ஐந்து மாதமாகப் பாதிதான் போடுகிறார்கள். கோவிட் வார்டு டியூட்டி முடிந்து 14 நாள் தனிமையில் இருந்ததை லீவாகக் கழித்துவிட்டார்கள். பலர் நின்றுவிட்டதால் இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்க்கிறோம். இப்போது எச்.ஆர். கூப்பிட்டு, "ஆஸ்பத்திரி நஷ்டத்தில் ஓடுது, சொந்தக் காரணத்தால விலகுறேன்னு எழுதிக் கொடும்மா, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைத் தந்துடுறோம்" என்கிறார். என்ன செய்வது? (மதுரை வாசகி, செப்டம்பர் 2020)

பதில் (2020 செப்டம்பரில் இருந்த சட்டப்படி): அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்ற எதையும் பிறகு சரிசெய்துகொள்ளலாம், இதை மட்டும் போட்டுவிட்டால் மீட்பது கஷ்டம்.

ஏன் என்று சொல்கிறேன். நிர்வாகமே ஆளைக் குறைத்தால் அது ஆட்குறைப்பு. தொழில் தகராறு சட்டம் 25எஃப் பிரிவின்படி ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதச் சம்பளம், அதோடு சர்வீஸ் போட்ட ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சக் காலமும் ஒரு வருடமாகவே கணக்கு, ஆக உங்களுக்கு ஐந்து வருடம். சராசரியைக் கடைசி மூன்று மாதத்தை வைத்துப் போடுவார்கள், அங்கே பாதிச் சம்பளக் கணக்கைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், சட்டம் பார்ப்பது தர வேண்டிய சம்பளத்தை, கையில் தந்ததை அல்ல. நீங்களாகவே விலகியதாக எழுதிவிட்டால் இந்த நஷ்டஈடு எதுவும் கிடையாது. "இது ஆஸ்பத்திரி, தொழிற்சாலை இல்லையே" என்று சொல்வார்கள். மருத்துவமனையும் 'தொழில்'தான் என்று 1978-லேயே பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கிராஜுவிட்டியும் (ஐந்து வருடம் வேலை பார்த்தவர் விலகும்போது தரும் பணிக்கொடை) இருக்கிறது. ஐந்து வருடம் முடிய இன்னும் இரண்டு மாதம்தானே, அதற்குள் அனுப்பிவிட்டால் தர வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். ஆனால் நான்கு வருடம் முடிந்து ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்பது சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு (மேட்டூர் பியர்ட்செல் வழக்கு, 1998).

சரி, பாதிச் சம்பள விஷயம். மருத்துவமனைகளுக்கு வருமானம் விழுந்தது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. புறநோயாளிகள் வரவில்லை, தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன் எல்லாம் நின்றது, கவச உடைச் செலவு ஏறியது, ஜூனில் தமிழக அரசு கோவிட் ஐசியு கட்டணத்துக்கு நாளைக்கு 15,000 ரூபாய் என்று உச்சவரம்பும் வைத்தது. ஆனால் சம்பளத்தைக் குறைக்க வேண்டுமென்றால் தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவில் 21 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும், வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் ஆகாது. முழுச் சம்பளம் தரச் சொன்ன மார்ச் 29 உத்தரவை மே மாதமே மத்திய அரசு விலக்கிக்கொண்டது, ஜூன் 12-ல் உச்ச நீதிமன்றமும் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டது என்று உங்கள் எச்.ஆர். நீட்டினால் பயப்படாதீர்கள். அந்த வழக்கு லாக்டவுனில் மூடிக்கிடந்த நிறுவனங்களின் தொழிலாளர்களைப் பற்றியது. உங்கள் ஆஸ்பத்திரி ஒரு நாளும் மூடவில்லை, நீங்கள் வேலை பார்த்தீர்கள். பார்த்த வேலைக்கு முழுச் சம்பளம் பாக்கி, அவ்வளவுதான். ஐந்து மாதத்துக்கு 40,000 ரூபாய். தமிழ்நாட்டில் மருத்துவமனை வேலை குறைந்தபட்ச ஊதியச் சட்டப் பட்டியலில் இருப்பதால் 8,000 ரூபாய் அந்த அளவுக்குக் கீழே போகிறதா என்றும் பாருங்கள். கீழே போனால் அதற்கு மனு கொடுக்க ஆறு மாதம்தான் கெடு, ஏப்ரல் சம்பளத்துக்கு நாள் நெருங்குகிறது. கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் கெடுக்களை நீட்டித்திருந்தாலும் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கோவிட் டியூட்டிக்குப் பிந்தைய தனிமைக் காலத்தைப் பணியில் இருந்ததாகவே எடுக்க வேண்டும் என்பது ஜூலை 31-ல் உச்ச நீதிமன்றத்தில் தெளிவாகிவிட்டது. அதை மேற்கோள் காட்டி அந்த 14 நாளைக் கேளுங்கள். சான்றிதழை அடகுப்பொருள் மாதிரிப் பிடித்துவைக்க யாருக்கும் உரிமை இல்லை, எழுத்தில் கேட்டும் தராவிட்டால் போலீஸில் புகார் கொடுக்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது: நர்சிங் ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் டியூட்டி ரோஸ்டரைப் போட்டோ எடுங்கள், கோவிட் வார்டு போட்ட தேதிகள் தெரிகிற மாதிரி. மார்ச்சிலிருந்து பாஸ்புக் என்ட்ரி, எச்.ஆர். அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் வேறொரு போனிலும் வையுங்கள். "நான் விலக விரும்பவில்லை, பாக்கியைத் தாருங்கள்" என்று ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்புங்கள். அப்புறமும் வெளியே அனுப்பினால் தொழிலாளர் அலுவலரிடம் தொழில் தகராறு சட்டத்தின் 2ஏ பிரிவில் மனு கொடுங்கள், 45 நாளில் சமரசம் ஆகாவிட்டால் நேராகத் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம், அதற்கு மூன்று வருடம் டைம் உண்டு. சம்பளப் பாக்கியைக் கணக்கிட்டு வாங்கித் தரச் சொல்லி அதே சட்டத்தின் 33சி(2) பிரிவில் தனியாக ஒரு மனு. வக்கீல் ஃபீஸ் பற்றிக் கவலை வேண்டாம், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். உங்களோடு பாதிச் சம்பளம் வாங்கும் மற்ற நர்ஸ்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.