தூண்டிலில் மாட்டிய சினிமாப் பாட்டு

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சராக இருக்கிறேன். கர்நாடக சங்கீதம் முறையாகக் கற்றவள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சினிமாப் பாட்டுத்தான் வேண்டுமாம். பாடவிட்டு, ராகம் சொல்லி, கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பயிற்சியான சரளி வரிசைக்கு அழைத்துப் போனேன். ஒரே கொட்டாவி. என் தரத்தைக் குறைத்துக்கொள்கிறேனோ என்றும் உறுத்துகிறது.

பதில்: தரமெல்லாம் குறையவில்லை சகோதரி. சினிமாப் பாட்டைப் புழுவாக மாட்டித் தூண்டில் போட்டீர்கள். பிள்ளைகள் முள்ளைப் பார்த்துவிட்டார்கள்.

ராகத்தோடு அந்தப் பாட்டு முடிந்துவிடுவதில்லையே. பல்லவிக்கு முன்னால் வரும் இசை, சரணத்துக்கு முன் இடையிசை, அடியில் நகரும் பேஸ் கிட்டார் எல்லாம் தனி வேலைப்பாடு. அதையே பாடமாக வையுங்கள்.

லூசி கிரீன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 14 பாப், ராக் கலைஞர்களிடம் எப்படிக் கற்றார்கள் என்று விசாரித்தார். பிடித்த பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, காதாலேயே பிடித்து, நண்பர்களோடு வாசித்துத்தான் பெரும்பாலும் கற்றிருக்கிறார்கள். பிறகு அதே வழியை அவர் பள்ளி வகுப்புகளிலும் செய்துபார்த்தார்.

நீங்களும் ஐந்தைந்து பேராகப் பிரித்துவிடுங்கள். பாட்டை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். ஒருவன் கீபோர்டில் ஒற்றை விரலால் பேஸ் வரியைத் தேடட்டும், இன்னொருத்தி பெஞ்சில் தாளம் போடட்டும். முதல் இரண்டு வாரம் நீங்கள் ஓரமாக நின்று கேளுங்கள், போதும். சத்தத்துக்குப் பக்கத்து வகுப்புக் கணக்கு சார் சண்டைக்கு வருவார். கடைசிப் பீரியடைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அப்புறம்தான் உங்கள் படிப்புக்கு வேலை. எட்டாம் வகுப்பில் பல பையன்களுக்குக் குரல் உடைகிற வயது. ஒலிப்பதிவில் உள்ள சுருதியில் கத்திப் பார்த்துவிட்டு 'எனக்குப் பாட வராது' என்று ஒதுங்கிவிடுவான். சுருதிக் கட்டையைக் குறைத்து அவன் குரலுக்கு ஏற்ற இடத்தைக் காட்ட உங்கள் காது வேண்டும். கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது, பயப்படாமல் அழுத்துங்கள்.

மதிப்பெண்ணை அசல் போலவே பாடியதற்குப் போடாதீர்கள். சேர்ந்து தொடங்கினார்களா, ஒருவர் தடுமாறினால் மற்றவர் தாங்கினார்களா என்று பாருங்கள்.

தலைமையாசிரியர் முகம் சுளித்தால், லண்டன் டிரினிட்டி கல்லூரி 2012 முதல் ராக், பாப் இசைக்கே கிரேடு தேர்வு நடத்துவதைச் சொல்லுங்கள். 1935-இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு ஏற்காடு சாலையில் இன்னமும் நிற்கிறது. நூற்றுக்கும் மேல் படம் எடுத்த இடம். சினிமாப் பாட்டு இந்த ஊருக்கு அந்நியம் என்று அவரால் சொல்ல முடியாது.

பள்ளியில் செல்போனுக்குத் தடை என்றால், பாட்டுகளை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோங்கள். முதல் வாரம் காது வலிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.