எல்லாப் பொருளுக்கும் ஒரே வாடிக்கையாளர் எண்ணிக்கை வருவது ஏன்?

கேள்வி: தரவு அறிக்கைகள் தயாரிக்கும் பவர் பிஐ மென்பொருளில் பொருள்கள், வாடிக்கையாளர்கள், விற்பனை ஆகிய மூன்று அட்டவணைகளை இணைத்திருக்கிறேன். பொருள்வாரியாக விற்பனைத் தொகை சரியாக வருகிறது. ஆனால் வாங்கியவர்களின் எண்ணிக்கை மட்டும் அரிசி, எண்ணெய், சோப்பு என எல்லா வரியிலும் 1,200 என்றே வருகிறது. உறவுகளைத் தவறாக அமைத்துவிட்டேனா?

பதில்: உறவுகள் சரியாகவே இருக்கின்றன. நீங்கள் எண்ணும் இடம்தான் பொருந்தவில்லை. ஒன்றுக்குப் பல என்ற உறவில் (ஒரு பொருளுக்குப் பல விற்பனைப் பதிவுகள் இருப்பது போல), ஃபில்டர், அதாவது பதிவுகளை வடிகட்டும் நிபந்தனை, இயல்பாக ‘ஒன்று’ என்ற பக்கத்திலிருந்து ‘பல’ என்ற பக்கத்துக்கு மட்டுமே செல்லும். அட்டவணைகளையும் உறவுகளையும் படமாகக் காட்டும் மாடல் வியூவில் உறவுக் கோட்டின் நடுவே உள்ள சிறிய அம்புக்குறி அந்தத் திசையையே காட்டுகிறது. அரிசி என்ற வரியில், பொருள்கள் அட்டவணையின் மேல் விழும் ஃபில்டர் விற்பனைக்கு இறங்கி, அரிசி விற்ற பதிவுகளை மட்டும் விட்டுவைக்கிறது. தொகை சரியாக வருவது அதனால்தான். அங்கிருந்து வாடிக்கையாளர்கள் அட்டவணைக்கு அது ஏறிச் செல்லாததால், உங்கள் மெஷர் (கணக்கிடும் சூத்திரம்) ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் எண்ணிவிடுகிறது.

ஃபில்டர் வந்து சேரும் இடத்திலேயே எண்ணுவது எளிய தீர்வு. விற்பனை அட்டவணையில் உள்ள வாடிக்கையாளர் எண் நெடுவரிசைக்கு, ஒரே எண் பலமுறை வந்தாலும் ஒருமுறை மட்டுமே எண்ணும் டிஸ்டிங்ட்கவுன்ட் (DISTINCTCOUNT) போட்டால் போதும்.

வாங்கியவர்கள் எத்தனை ஊர்களைச் சேர்ந்தவர்கள் என்று கேட்டால் இந்த வழி உதவாது, ஏனெனில் ஊர்ப்பெயர் வாடிக்கையாளர்கள் அட்டவணையில்தான் இருக்கிறது. அப்போது ஃபில்டர்களை மாற்றிக் கணக்கிடும் கால்குலேட்டுக்குள் (CALCULATE), உறவில் ஃபில்டர் செல்லும் திசையை மாற்றும் கிராஸ்ஃபில்டர் (CROSSFILTER) எழுதி, அந்த ஒரு மெஷருக்கு மட்டும் இருதிசையையும் திறந்துவிடலாம். மாடலிலேயே உறவை நிரந்தரமாக இருதிசையாக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாளை இதே பொருள்களோடும் வாடிக்கையாளர்களோடும் ‘திருப்பி அனுப்பியவை’ என்ற அட்டவணை சேர்ந்தால், ஒரே இடத்துக்கு ஃபில்டர் செல்ல இரண்டு பாதைகள் உருவாகி, எந்த எண் எப்படி வந்தது என்று கண்டுபிடிப்பதே பெரும் வேலையாகிவிடும்.

கால்குலேட்டின் ஃபில்டர் இடத்தில் விற்பனை அட்டவணையையே கொடுப்பதும் ஒரு வழி. பொருள்வாரி வரிகளில் இரண்டும் ஒரே விடையைத் தரும். மொத்தம் என்ற கடைசி வரியில்தான் வேறுபடும். அங்கே பொருளுக்கு ஃபில்டரே இல்லாததால், கிராஸ்ஃபில்டர் வழியில் ஒருமுறைகூட வாங்காதவர்களின் ஊர்களும் கணக்கில் சேரும். விற்பனை அட்டவணையைக் கொடுத்தால் வாங்கியவர்களின் ஊர்கள் மட்டுமே வரும். உங்கள் கேள்வி வாங்கியவர்களைப் பற்றியது என்பதால், இரண்டாவதையே எழுதுங்கள்.