வாசகர் கேள்வி – பதில்: இந்த வாரம் கேட்கச் சில தனியிசை ஆல்பங்கள்

கேள்வி: திரைப்பாடல்களைத் தவிர வேறெதையும் அதிகம் கேட்டறியாதவள் நான். தனியிசை ஆல்பங்களுள் எதிலிருந்து தொடங்கலாம்? – கல்லூரி மாணவி, காட்பாடி.

பதில்: நம் மண்ணிலிருந்தே தொடங்குங்கள். அரக்கோணத்தைச் சேர்ந்த ராப் பாடகர் அறிவு, இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 2019இல் வெளியிட்ட 'தெருக்குரல்' என் முதல் பரிந்துரை. அரக்கோணம் நம் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து ராணிப்பேட்டையோடு சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். திருக்குறளை நினைவூட்டும் அந்தத் தலைப்பிலேயே ஆல்பத்தின் நோக்கம் விளங்கிவிடுகிறது: தெருவில் நிற்பவனுக்கும் அறம் உரைக்கும் உரிமை உண்டு. தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த ஸ்னோலின் பெயரில் ஒரு பாடல் இதில் இருக்கிறது. 'கள்ள மௌனி' என்ற பாடலோ, கண்ணெதிரே அநீதி நடக்கையில் வாய்மூடி நிற்பவரை நேருக்கு நேர் பார்த்துப் பேசுகிறது. ராப் என்றாலே சொற்கள் புரியாது என்று ஒதுங்கியிருந்த என்னை, நம் வடஆற்காட்டுப் பேச்சின் வேகத்திலேயே ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்து விழும் இந்த உச்சரிப்புதான் உட்கார வைத்தது.

இதைக் கேட்டு முடித்தபின், அறிவும் அங்கம் வகித்த 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் 'மகிழ்ச்சி' ஆல்பத்துக்கு வாருங்கள். இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியில், தென்மாவின் இசைப் பொறுப்பில் 2017இல் உருவான இக்குழுவின் ஆல்பம் 2018இல் வெளியானது. சாவு வீட்டுக்கு மட்டும் உரியவை என்று ஒதுக்கிவைக்கப்பட்ட பறையும் கானாவும் இதில் கிட்டாருக்கும் ராப்புக்கும் சரிசமமாக மேடை ஏறுகின்றன.

கேள்வி: பிடித்த பாடலை மட்டும் தேடிக் கேட்டால் போதாதா? முழு ஆல்பத்தையும் எதற்காகக் கேட்க வேண்டும்? – வாசகர், ஆம்பூர்.

பதில்: திரௌபதி அம்மன் கோயில்களின் அக்னி வசந்த விழாவில் விடிய விடிய மகாபாரதக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாது. கூத்தை அறிமுகம் செய்யும் கட்டியங்காரன் வந்து, திரை பிடித்து, வேஷக்காரர் திரைக்குப் பின்னிருந்தே பாடித் தம்மை அறிவித்துக்கொள்ளும் வரை காத்திருப்பவருக்குத்தான், விடியற்காலையில் பதினெட்டாம் போர் நெஞ்சில் இறங்கும். துச்சாதனன் வரும் காட்சிக்கு மட்டும் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனால் கதை நம்மிடம் தங்குவதில்லை. தனியிசையில் பாட்டுக்குச் சூழல் சொல்லப் படம் கிடையாது. முன் பாடல்தான் பின் பாடலுக்குச் சூழல். ஆகவே, பாடல்களை வரிசை மாற்றி ஒலிக்கவிடும் ஷஃபிளை அணைத்துவிட்டு முதலிலிருந்து கடைசி வரை ஒரே அமர்வில் ஒருமுறையாவது கேளுங்கள். காட்பாடியிலிருந்து அரக்கோணம் வரை ரயிலில் போகும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் பயணம் அதற்குப் பொருத்தமான நேரம். திருவலம் பாலத்தில் பொன்னையாற்று மணல் ஜன்னலில் தெரியும்போது எந்தப் பாடல் ஒலித்ததோ, அது எனக்கு இன்றும் அந்த ஆற்றோடு சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

கேள்வி: வீட்டில் கர்நாடக இசை கேட்பவர்கள். அவர்களோடு உட்கார்ந்து கேட்க ஏதேனும் உண்டா? – வாசகி, குடியாத்தம்.

பதில்: பெங்களூருவின் 'அகம்' குழு 2017இல் தந்த 'எ ட்ரீம் டு ரிமெம்பர்'. நளினகாந்தி ராகத்தில் தியாகராஜர் இயற்றிய 'மனவ்யாலகிஞ்சராததே' கீர்த்தனையை ராக் இசையின் அடர்ந்த தாளத்தின்மேல் ஹரிஷ் சிவராமகிருஷ்ணன் பாடுவதைக் கேட்டு, பெரியவர்கள் தொடக்கத்தில் முகம் சுளிக்கக்கூடும். அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். கிட்டார் எவ்வளவு உரக்க ஒலித்தாலும் ராகத்தின் சாயல் கலையாமல் இருப்பதை அவர்களே முதலில் கண்டுகொள்வார்கள்.

கேள்வி: ஆங்கிலத்தில் ஒன்று சொல்லுங்கள். – வாசகர், வாலாஜாபேட்டை.

பதில்: பான் ஈவரின் 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ'. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், தந்தைக்குச் சொந்தமான காட்டுக் குடிலில் பனிக்காலம் முழுவதும் தனித்திருந்து, பான் ஈவர் என்ற இசைக்குழுவைத் தொடங்கிய ஜஸ்டின் வெர்னன் பதிவுசெய்து, 2007இல் தாமே வெளியிட்டது. நம் கத்திரி வெயிலில், இரவு மொட்டைமாடியில் பாய் விரித்துக் கேட்க ஏற்றது. இதை மட்டும் போனின் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அவருடைய மெல்லிய குரல்கள் அதில் தேய்ந்துபோகும். சாதாரண இயர்போன் போதும்.