மணிக்கட்டு முழங்கைக்கு மேலே இருக்கட்டும்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகன், பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் ரன்னிங் பேக், அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடுபவன். நன்றாக ஓடுவான். ஆனால் கடைசி நான்கு ஆட்டங்களில் மூன்று முறை பந்தை நழுவவிட்டான். கோச் உட்கார வைத்துவிட்டார். "கவனமாப் பிடிடா" என்றாலே கோபம் வருகிறது. இந்த விளையாட்டு அவனுக்கு ஒத்துவராதோ?

பதில்: அன்புச் சகோதரிக்கு, அந்த "கவனமாப் பிடிடா"வை முதலில் நிறுத்துங்கள். பந்து நழுவியதில் உங்கள் எல்லாரையும்விட அதிகம் நொந்திருப்பவன் அவன்தான். பெரும்பாலும் இது பிடிக்கும் விதத்தில் இருக்கும் கோளாறு. திருத்திவிடலாம்.

உங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. தொழில்முறை ஃபுட்பால் அணியான ஜயன்ட்ஸுக்குப் பெயர்தான் நியூயார்க், ஆடுவது நியூ ஜெர்சியில். அதன் ரன்னிங் பேக் டிக்கி பார்பர் 2000 முதல் 2003 வரை நான்கே சீசனில் 35 முறை பந்தை நழுவவிட்டார். 2004-ல் டாம் காஃப்லின் தலைமைக் கோச்சாக வந்ததும் பார்பர் பந்து பிடிக்கும் முறையையே மாற்றினார்கள். பந்தை நெஞ்சோடு ஒட்டி நிமிர்த்தி வைக்க வேண்டும். மணிக்கட்டு முழங்கையைவிட உயரத்தில் இருக்க வேண்டும். 2005-ல் 1,860 யார்டு ஓடினார். நழுவியது ஒரே ஒரு முறை. அப்போது அவருக்கு வயது 30. உங்கள் பையனுக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது!

அவன் ஓடிய வீடியோ இருந்தால் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். இந்தப் பந்து இருபுறமும் கூரானது அல்லவா, விரல்கள் அதன் முன்முனையை மூடியிருக்கின்றனவா? பின்முனை முழங்கை மடிப்புக்குள் புதைந்திருக்கிறதா? முழங்கை விலாவை விட்டு விலகினால் அந்த இடைவெளி போதும், பின்னால் வருபவன் முஷ்டியால் தட்டிவிடுவான். சிகாகோ பியர்ஸ் அணியின் சார்லஸ் டில்மன் இப்படிக் குத்தியே பேர் வாங்கியவர். கூட்டத்துக்குள் நுழையும்போது மற்ற கையும் பந்தின் மேல் வந்தாக வேண்டும்.

கோச்சின் மேல் வருத்தப்படாதீர்கள். நழுவிய பந்தை எதிரணி எடுத்துவிட்டால் தாக்கி ஆடும் வாய்ப்பே அவர்களுக்குப் போய்விடுகிறது. 2012-ல் 1,263 யார்டு ஓடிய ஸ்டீவன் ரிட்லியையே அடுத்த ஆண்டு பேட்ரியட்ஸ் அணி ஒரு ஆட்டத்துக்கு வெளியே நிறுத்தியது, பந்தைத் தொடர்ந்து நழுவவிட்டதற்காக. அவருக்கு முன் அதே இடத்தில் ஆடிய பென்ஜார்வஸ் கிரீன்-எல்லிஸை, தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் யாரும் எடுக்கவில்லை. ஆனால் அந்த அணியில் இருந்த நான்கு ஆண்டும் ஒருமுறைகூட அவர் பந்தை நழுவவிட்டதில்லை. கோச்சுக்கு அந்த நிம்மதி பெரிது.

அதனால் உங்கள் மகனே கோச்சிடம் போய், "நான் எப்படிப் பிடிக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கட்டும். நீங்கள் போய்ப் பேச வேண்டாம். வீட்டில் பந்தோடு நடமாடச் சொல்லுங்கள். குறுக்கே வருகிறபோதெல்லாம் நீங்களும் தட்டிவிடப் பாருங்கள். சிரிப்பும் வரும், பேச்சும் வரும். அப்புறம், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் காக்க எதிராளிகளை மறிக்கும் பிளாக்கிங்கில் அவன் தேறினால் பந்து கையில் இல்லாமலேயே அணிக்குத் தேவைப்படுவான்.

இந்த வெள்ளிக்கிழமை அவனை இறக்காவிட்டாலும் நீங்கள் ஆட்டத்துக்குப் போய் உட்காருங்கள், சகோதரி.